என் சர்வீஸிலேயே ஆழமில்லாத குழி

என் பணி ஓய்வு விருந்து மலாக்கா டவுனில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நடந்தது. நிறுவனத்தார் பொன்முலாம் பூசிய சின்ன மண்வெட்டி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பரிசளித்தார்கள். இனிமேல் நான் எதையும் தோண்டிவிடக்கூடாது என்றுதான் கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள் என்று என் மனைவி கோமளா விளக்கம் சொன்னாள்.

அன்றைக்கு உருப்படியாக ஒரே ஒரு கேள்வி கேட்கப்பட்டது. கேட்டவன் கவின், என் இடத்துக்கு வந்திருக்கும் புது சூப்பர்வைசர்.

"மணியம் அண்ணே, உங்க சர்வீஸ்லயே ரொம்பக் கஷ்டமான எக்ஸ்கவேஷன் எது லா?"

டவுனில் ஒரு ஹோட்டலுக்கு அடித்தளம் தோண்டினோமே, அதைத்தான் சொல்வேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அந்தப் பள்ளத்தின் அடியில் நான் நிற்கும் படம் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் விழுந்த எலி மாதிரி இருப்பேன்.

"ஓரடி ஆழம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். வாழ்நாள் முழுக்க நகைச்சுவையாகப் பேசியவனுக்கு இதுதான் தண்டனை. உண்மையைச் சொன்னாலும் கை தட்டுவார்கள். கவின் மட்டும் சிரிக்கவில்லை. எழுதித் தாருங்கள் என்றான். அவனிடம் இப்போது மண்ணுக்குள் பார்க்கும் மிஷின் இருக்கிறது. சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி போலத் தள்ளிக்கொண்டே போனால் அடியில் கிடப்பது திரையில் கோடு கோடாய்த் தெரியும். அருமையான மிஷின். அது இல்லாதபோது நாங்கள் எதை வைத்துப் பார்த்தோம் என்று அவனுக்குத் தெரிய வேண்டுமாம். ஆகவே எழுதுகிறேன்.

ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். என் அப்பா தோட்டத்தில் கான் வெட்டினார், அதாவது வடிகால். நான் எக்ஸ்கவேட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டு டவுனுக்குக் கான் வெட்டினேன். எங்கள் குடும்ப முன்னேற்றம் என்பது உட்கார ஓர் இருக்கை கிடைத்ததுதான். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு கைப்பிடிகள், இரண்டு மிதிகள், இடிந்த சில வேலிகள், அவற்றின் சொந்தக்காரர்கள். அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் எந்த வேலையானாலும் பேப்பரில் 'எக்ஸ்கவேஷன் வொர்க்ஸ்' என்றுதான் எழுதுவார்கள். ஆங்கிலத்துக்கு அந்த ஒரு சொல் போதும் போலிருக்கிறது. கான் வெட்டினாலும் அதே சொல்தான், கழிவுத் தொட்டிக்குப் பள்ளம் எடுத்தாலும் அதே சொல்தான். செர்காமில் கடலோரமாய் ஒரு வேலை நடந்தது. நாங்கள் ஒரு வாளி மண் எடுத்தால் கடல் ஒரு வாளி தண்ணீர் கொடுக்கும். பண்டமாற்று மாதிரி நடந்த அந்த வேலைக்கும் அதே சொல். ஒருமுறை ஒரு தோட்டத்து மயானத்தை இடம் மாற்றினோம். பேப்பரில் அதுவும் எக்ஸ்கவேஷன்தான். அன்றைக்கு நாங்கள் மிஷினை ஸ்டார்ட் பண்ணவே இல்லை. எல்லாவற்றையும் கையால்தான் எடுத்தோம். குடும்பத்தார் பக்கத்தில் நின்றார்கள், நாங்கள் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுத் தோண்டினோம்.

டவுனில் ஆற்றோரம் ஒரு கான் வேலை. என் மிஷினின் வாளி பழைய காலத்துச் செங்கல் சுவர் ஒன்றை முட்டியது. வேலை நின்றது. பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் தூரிகையும் கரண்டியுமாக வந்து இறங்கினார்கள். கட்டிய அறிவிப்புப் பலகையில் பார்த்தால் அங்கேயும் அதே சொல். தொப்பி போட்ட ஒரு மலாய்ப் பெண் காலையிலிருந்து ஒரே செங்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் மலாயில் சொன்னேன், இதை நான் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்று.

"தெரியும் பாக்சிக். அதனாலதான் உங்கள அங்க உக்கார வச்சிருக்கோம்" என்றாள். பாக்சிக் என்றால் மலாயில் மாமா, மரியாதையாகத்தான் சொன்னாள்.

சம்பளத்தோடு உட்கார வைக்கப்பட்ட எனக்கு அவள் ஒன்றைக் காட்டினாள். தோண்டுகிறவன் எப்போதும் குழியின் அடியைத்தான் பார்க்கிறான். அவளோ பக்கச் சுவரைப் பார்த்தாள். மண்ணின் நிறம் எங்கே மாறுகிறதோ, அங்கே நமக்கு முன்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். அதை மனசில் போட்டு வைத்தேன்.

ஐம்பதைத் தாண்டியதும் பல் வைத்தியரிடம் போனேன். சின்னக் கரண்டி மாதிரி ஒன்றை வாய்க்குள் விட்டுச் சொத்தையைச் சுரண்டினார். இதற்குப் பெயர் என்ன டாக்டர் என்று கேட்டேன். எக்ஸ்கவேட்டர் என்றார். வாயைத் திறந்தபடியே அவருக்கு ஒரு சல்யூட் வைத்தேன். அவரும் நம் ஆள்தான். ஓட்டுகிற மிஷின் கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான்.

இனி ஆ செங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆ செங் எங்கள் ஃபோர்மேன், சீனர். அவருடைய தாயார் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். ஆகவே ஆ செங்கின் தமிழில் குறையே சொல்ல முடியாது. வசவுகளில் என்னைவிட அவருக்குச் சொல்வளம் அதிகம். கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் பால் கலக்காத கோப்பி ஓ, அதில் ஓர் உறிஞ்சுகுழல், அதை விரலில் மாட்டிக்கொண்டு வேலை நடக்கப் போகிற தெருவை முதலில் ஒரு சுற்று சுற்றுவார். தண்ணீர் மீட்டர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன, இரும்பு மூடிகள் எங்கே கிடக்கின்றன, வெயில் காலத்திலும் எந்த இடத்துப் புல் மட்டும் பச்சையாக இருக்கிறது, எந்த இடத்துத் தார் நிறம் மாறியிருக்கிறது என்று பார்ப்பார். பிறகு வீட்டு வாசல்களில் நின்று, இதற்கு முன் இங்கே யாராவது தோண்டினார்களா என்று விசாரிப்பார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகும் மிஷினைத் தொட விடமாட்டார். மிஷின் ஓட்டுகிறவன் யாரோ அவன் கீழே இறங்கி, தன் கையால் மண்வெட்டி பிடித்து, சோதனைக் குழி இரண்டு போட வேண்டும். ஒன்று, பைப் இருக்கும் என்று நாம் நினைக்கிற இடத்தில். மற்றொன்று, இருக்கவே இருக்காது என்று நாம் சத்தியம் பண்ணுகிற இடத்தில்.

"ஆ செங் அண்ணே, இங்கதான் ஒண்ணும் இல்லன்னு தெரியுதே, எதுக்கு ரெண்டாவது குழி?"

"உனக்குத் தெரியுது. சரி. பைப்புக்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"அப்ப தோண்டு."

அவருக்குக் கீழே நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்த இரண்டாவது குழியில் எதுவுமே அகப்பட்டதில்லை. அதையும் ஒருநாள் அவரிடம் சொல்லிக்காட்டினேன். "நல்லதுதான லா, அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுற?" என்று கோப்பியை உறிஞ்சிக்கொண்டே போய்விட்டார்.

எனக்குக் கல்யாணமான புதிதில் தங்கா பத்துவில் பைப் போடும் வேலை. கடலோர மணல் பூமி, முதல் நாள் மழை வேறு. பைப்பைக் கட்டித் தூக்கும் பட்டையைச் சரிசெய்யப் பள்ளத்தில் இறங்கினேன். சத்தமே இல்லாமல் பக்கச் சுவர் என்மேல் வந்து சாய்ந்தது. நெஞ்சு வரைக்கும் மண். கையிரண்டும் வெளியே இருந்தன. யாரோ எக்ஸ்கவேட்டரை நகர்த்தப் போனார்கள். ஆ செங் ஓடிப்போய் அதன் சாவியை உருவித் தன் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கையால்தான் எடுக்க வேண்டும் என்று கத்தினார். ஆட்கள் கையாலும் ஹெல்மெட்டாலும் மண்ணை அள்ளினார்கள். அவர் என் தலைமாட்டில் ஒரு பலகையைப் போட்டுக் குந்திக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"டேய் மணியம், கண்ண மூடாத. நீ செத்தா நான் எத்தனை பேப்பர்ல கையெழுத்துப் போடணும் தெரியுமா? எனக்கு இங்கிலீஷ் வேற வராது."

"நெஞ்ச அடைக்குதுண்ணே."

"வாய அடைக்கலையே. பேசு. நேத்து ராத்திரி என்ன சாப்ட்ட?"

"சார்டின்."

"பாரு, சார்டின் தின்னவன் சார்டின் மாதிரியே டின்னுக்குள்ள நிக்கிறான்."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் மூச்சு வேண்டுமே, ஆகவே மூச்சும் வந்தது. வெளியே எடுத்துப் போட்ட பிறகு அவர் போய் ஒரு மரத்தின் பின்னால் நின்றுகொண்டார். கோப்பி குடிக்கிறார் என்று நினைத்தேன். கையில் கோப்பிப் பை இல்லை.

கோமளா அன்றைக்கு வேலையை விடு என்று அழவில்லை. நேரே எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்து, சோறு போடும்போது சொன்னாள்.

"வேண்டிக்கிட்டு வந்திருக்கேன். நீங்க குழியில எறங்குற வரைக்கும் நானும் வருஷா வருஷம் பூக்குழியில எறங்குறேன்."

"நான் ரிட்டயர்டு ஆகுற வரைக்குமா?"

"நீங்க சீக்கிரம் விட்டுட்டாலும் சரி, எனக்கு ஒண்ணும் இல்ல."

நான் விடவில்லை. அவளும் விடவில்லை. வருஷந்தோறும் திருவிழாவில் மஞ்சள் புடவையும் கையில் வேப்பிலையுமாக அவள் தீ மிதித்து வருவாள். நான், தீ மிதித்தவர்கள் கால் நனைக்கும் பால் குழிக்கு அந்தப் பக்கம், என்னவோ நான்தான் மிதித்தவன் போல வியர்த்துப்போய் நிற்பேன்.

தோட்டம் விற்கப்பட்டது. கோயில் குருபோங் பக்கம், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தாமானின், அதாவது வீடமைப்புக் குடியிருப்பின், ஓரத்து நிலத்துக்கு இடம் மாறியது. கோயில் தலைவர் என் மச்சான் ராஜு, கோமளாவின் அண்ணன். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். இரக்கமுள்ள மனிதர், ஆனால் எதையும் விமரிசையாகச் செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கோயிலை இடம் மாற்றும்போது அவர்தான் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தார், முதல் வருஷமே தீமிதி நடக்கும் என்று. அம்மனுக்கு இங்கே வர இஷ்டமில்லை என்று ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. தீமிதி நின்றுபோனால் அந்தப் பேச்சு நிலைத்துவிடும். பாதிப் பேர் வேறு கோயிலைப் பார்த்துப் போய்விடுவார்கள்.

காப்புக் கட்டிய பிறகுதான் என்னைத் தேடி வந்தார்.

"மாப்ள, பூக்குழி நீங்கதான் தோண்டணும். எக்ஸ்கவேட்டர் கொண்டாந்துருங்க. மாலை போட்டு, கற்பூரம் ஏத்தி, டமடமன்னு மேளத்தோட. மேல இருந்து ட்ரோன்ல வீடியோ எடுக்கிறோம்."

"மச்சான், அது ஓரடிக் குழி. வாளியோட பல்லே பாதிக் குழிக்கு வரும்."

"சும்மா ஒரு கீறு கீறுனா போதும் லா. சனங்க பாக்கணும்ல?"

அடுப்படியிலிருந்து கோமளா வந்தாள்.

"அண்ணே, அதுல நடக்கப் போறது மிஷின் இல்ல, நான். மிஷின் கிண்டிவிட்ட மண்ணு பொதபொதன்னு இருக்கும். காலு உள்ள போச்சுன்னா நெருப்பு கணுக்கால் வரைக்கும் ஏறும். கையால வெட்டுங்க."

தங்கை பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி மச்சானுக்குப் பழக்கமில்லை. முகம் சுருங்கியது. ட்ரோனை ஏற்கெனவே வாடகைக்குப் பேசியிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை எல்லோரும் கோயிலில் கூடினோம். கருவறைக்கு நேர் எதிரே, அம்மன் பார்வை படும் இடத்தில் பூசாரி மாவால் கோடு போட்டிருந்தார். தோட்டத்தில் அம்மன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பூக்குழியைப் பார்ப்பாள். இங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில் பூசாரிக்கும் மச்சானுக்கும் சந்தேகமே இல்லை. கற்பூரம் காட்டியாயிற்று. தேங்காய் உடைத்தாயிற்று. மண்வெட்டியை என் கையில் கொடுத்தார்கள்.

நான் அதை வாங்கிக்கொண்டு தெருவைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டேன்.

தண்ணீர் அலுவலகத்தில் எனக்குத் தெரிந்தவரிடம் கேட்டிருந்தேன். பைப் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் போகிறது என்றார். இரும்பு மூடியும் அந்தப் பக்கம்தான் கிடந்தது. திரும்பி வந்து, இந்தப் பக்கம் ஏதாவது இருந்தால் இங்கேதான் இருக்கும் என்று ரோட்டை ஒட்டி முதல் சோதனைக் குழி போட்டேன். வெறும் செம்மண். ஒன்றுமில்லை. பிறகு மாவுக் கோட்டுக்கு நடுவில் போய் நின்றேன். பூஜை போட்ட இடம். அம்மனுக்கு நேர் எதிர். இங்கே பைப் இருக்கவே இருக்காது என்று யாரும் சத்தியம் பண்ணுவார்கள். ஆகவே அங்கே தோண்டத் தொடங்கினேன்.

"என்ன மாப்ள இது, குழி தோண்டுறதுக்கு முன்னாடி குழி தோண்டிப் பாக்குறீங்க?" என்றார் மச்சான்.

"இல்லன்னு உறுதி பண்ணிக்கத்தான்."

"இல்லாதத எப்படித் தோண்டி எடுப்பீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் கண் குழியின் பக்கச் சுவரில் இருந்தது. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. அதற்கடியில் வெளுத்த மணல், கத்தியால் வெட்டின மாதிரி நேர்கோடாக.

செம்மண் பூமிக்குள் மணல் தானாக வராது. யாரோ லோரியில் கொண்டுவந்து கொட்டிய மணல் அது. மணல் கொட்டுவது பைப்புக்கு மெத்தை போட. மண்வெட்டியை வைத்துவிட்டு, கோயில் சமையலறையிலிருந்து சாதக் கரண்டி ஒன்றை வாங்கி, அந்தத் தொப்பிக்காரப் பெண் மாதிரி மெல்லச் சுரண்டினேன். கறுப்பாய், நீலக் கோடு போட்டு, தொடைப் பருமனில் ஒரு பிளாஸ்டிக் பைப் முதுகைக் காட்டியது. தாமானுக்குப் பின்னால் புதிதாக வீடுகள் கட்டியபோது பிரித்துப் போட்ட கிளை. ஆழமாகத்தான் புதைத்திருப்பார்கள். பிறகு யாரோ நிலத்தை மட்டப்படுத்துகிறேன் என்று மேல்மண்ணை வழித்துக்கொண்டு போக, அது இப்போது எட்டிப் பார்க்கும் தூரத்தில் கிடந்தது. ஓரடிக் குழி வெட்டினால் நெருப்புக்கும் அதற்கும் நடுவில் அரையடி மண்தான் மிஞ்சும்.

கோமளா வந்து குனிந்து பார்த்தாள்.

"இதுல தண்ணி ஓடுதா?"

"ஓடுது."

"எந்நேரமுமா?"

"எந்நேரமும்."

அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மத்தியானத்திலிருந்து லோரி லோரியாக ரப்பர் கட்டை எரியும். சாயங்காலம் தணலைப் பரப்புவார்கள். அடியில் பிளாஸ்டிக் இளகும். உள்ளே இருப்பதோ ஒரு தாமானுக்கே போகிற தண்ணீரின் அழுத்தம். அது தணலுக்குள் பீறிட்டால் ஆவியும் சாம்பலும் ஆள் உயரத்துக்குக் கிளம்பும். எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. குழிக்கு நடுவில் யார் இருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது.

"அண்ணன் ட்ரோன்ல நல்லா வந்திருக்கும்" என்றாள் கோமளா.

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பைப்பை மாற்றலாம் என்றார் ஒருவர். அதற்கு மனுப்போட்டு, ஆள் வந்து பார்த்து, அடுத்த திருவிழாவே வந்துவிடும். குழியைத் தள்ளி வெட்டலாம் என்றேன். பின்பக்கம்தான் இடம் இருந்தது. அம்மனுக்கு முதுகுப்பக்கம் தீ மிதிப்பதா என்று பூசாரி காதைப் பொத்திக்கொண்டார். இந்த வருஷம் வேண்டாம் என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். காப்புக் கட்டியாயிற்றே என்று பத்துப் பேர் பதில் சொன்னார்கள். மச்சான் கையில் கட்டியிருந்த காப்பை மட்டும் திருகிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. வாழ்நாளெல்லாம் தோண்டிப் பிழைத்தவன் சொல்லக் கூசும் யோசனை.

"தோண்டாம இருந்துட்டா?"

"தோண்டாம எப்படிக் குழி?" என்றார் பூசாரி.

"மேடு போடுவோம். இடுப்பு உயரத்துக்கு மண்ணைக் கொட்டி, இறுக்கி, அந்த மேட்டுக்குள்ள ஓரடிக் குழி வெட்டுவோம். பைப்புக்கும் நெருப்புக்கும் நடுவுல நல்ல கனமா மண்ணு இருக்கும். குழி அதே இடம். அம்மன் பார்வையும் அதே நேர்."

பூசாரி தலையை ஆட்டினார். "குழின்னா பூமிக்குள்ள இருக்கணும் மணியம். இது மேல கொட்டுன மண்ணு."

கோமளா கேட்டாள். "பூசாரிய்யா, இந்தத் தாமானே கொட்டுன மண்ணு மேலதான் நிக்குது. அம்மனும் அதுலதான் உக்காந்திருக்கா. அவ உக்காரலாம், நான் நடக்கக்கூடாதா?"

பூசாரி கருவறையைத் திரும்பிப் பார்த்தார். "எந்த மண்ணு கொட்டுவீங்க?" என்றார்.

அதற்குப் பதில் மச்சானிடமிருந்து வந்தது. அதுவரை தரையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். "நம்ம பழைய கோயில் எடத்து மண்ணு. அங்க இன்னும் வீடு கட்டல. நான் கொண்டாறேன்."

அதற்கு மேல் யாரும் மறுக்கவில்லை.

அந்த நிலத்தில் வேலை எடுத்திருந்தவர் எனக்குப் பழக்கமானவர். மண் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அங்கே தோண்டுவதற்குக் கட்டாயம் எக்ஸ்கவேட்டர் தேவைப்பட்டது. மச்சான் என் முகத்தைப் பார்த்தார். சரி என்றேன். மாலை வந்தது, கற்பூரம் வந்தது, மேளம் வந்தது. நான் மிஷினில் ஏறி, பழைய பூக்குழி இருந்த இடத்தில் முதல் வாளி அள்ளினேன். மேலே பறந்த ட்ரோன் அந்த நேரம் பார்த்து ஒரு செம்பனை மரத்தில் போய் மாட்டிக்கொண்டது. மச்சான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லோரியில் விழுந்த மண்ணை ஒரு பிடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மேட்டைப் போல நான் எந்த வேலையையும் செய்ததில்லை. மண்ணை ஒரு சாண் கனத்துக்குப் பரப்புவது, வேர், கல் எல்லாவற்றையும் பொறுக்குவது, தண்ணீர் தெளிப்பது, இறுக்கும் மிஷினை மேலே ஓட்டுவது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஒற்றைக் குதிகாலில் நின்று ஒரு திருகு திருகிப் பார்ப்பேன். இது ஆ செங்கின் பரீட்சை. குதிகால் தடம் விழுந்தால் அந்த அடுக்கைக் கிளறிவிட்டு மறுபடியும். குழந்தைகள் நான் நடனம் பழகுகிறேன் என்று நினைத்து வரிசையாக நின்று அவர்களும் திருகினார்கள். பரவாயில்லை, மண் இன்னும் இறுகியது. மேடு எழும்பிய பிறகு அதற்குள் கையாலேயே குழியை வெட்டி, அடியைத் தேய்த்துத் தேய்த்துச் சிமெண்டுத் தரை மாதிரி ஆக்கினேன். ஏறச் சரிவு, இறங்கச் சரிவு, முடிவில் பால் குழி. கடைசியில் வெறுங்காலோடு அதில் நானே நடந்து பார்த்தேன். நெருப்பு இல்லாதபோது நான் தைரியசாலி.

ஆ செங்குக்கு ஃபோன் போட்டேன். அவர் ஓய்வு பெற்று ஜொகூரில் மகள் வீட்டில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். நான் முடிக்கும் முன்பே கேட்டார், "ரெண்டாவது குழியிலயா?"

"ரெண்டாவது குழியிலதான் அண்ணே."

அந்தப் பக்கம் கோப்பி உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "பைப்பத் தொட்டுப் பாத்துக்கிட்டே இரு. மண்ண நம்பு, ஆனா கைய வச்சிரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

திருவிழா அன்று மேட்டுக்கு வெளியே, பைப் அந்தப் பக்கம் வெளியேறும் இடத்தில் ஒரு சின்னக் குழி வெட்டி வைத்திருந்தேன். கட்டைகள் எரிந்து தணலாகி, ஆட்கள் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நீளக் கழியால் அதைத் தட்டிப் பரப்பினார்கள். பொழுது சாய்ந்தது. கரகம் முன்னால் வந்தது. பறை அதிர்ந்தது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டு நின்றபோது, நான் தரையில் குப்புறப் படுத்து, தோள்பட்டை வரைக்கும் கையைக் குழிக்குள் விட்டுப் பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மணியத்துக்கு அருள் வந்திருச்சு, தண்ணி தெளிங்க!" என்று யாரோ கத்தினார்கள். உண்மையிலேயே தெளித்தார்கள். மூக்கில் மஞ்சள் தண்ணீர் ஏறியது. நான் கையை எடுக்கவில்லை.

பைப் குளிர்ந்து கிடந்தது. உள்ளே தண்ணீர் ஓடுவது விரல்களுக்குத் தெரிந்தது. யாரோ ஒரு வீட்டில் கை கழுவுகிறார்கள், யாரோ அரிசி களைகிறார்கள். நான் படுத்திருந்த இடத்திலிருந்து மேட்டின் மேல் போகிறவர்களின் முகம் தெரியாது. கால்கள் மட்டும்தான் தெரிந்தன. சில ஓடின, சில நடந்தன. மஞ்சள் பூசிய இரண்டு கால்கள், வலது கட்டைவிரலில் பழைய தழும்போடு, கறிகாய் வாங்கப் போகிற மாதிரி நிதானமாகப் போயின. ஓரிடத்தில்கூட அமிழவில்லை. பால் குழியில் சளக்கென்று சத்தம் கேட்ட பிறகுதான் நான் மூச்சு விட்டேன். அன்றைக்கு ஒருவருக்கும் ஒரு கொப்புளம் இல்லை. பைப் கடைசி ஆள் போகும் வரைக்கும் குளிர்ந்தே கிடந்தது.

ஹோட்டல் அடித்தளத்தைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். இந்தக் குழிக்குப் படம் இல்லை. ட்ரோன் செம்பனை மரத்தில் கிடந்தது. அதனால்தான் எழுத வேண்டியதாயிற்று.

அந்த மேடு அப்படியே நிலைத்துவிட்டது. வருஷந்தோறும் அதைத்தான் செப்பனிடுகிறோம். இந்த வருஷத் திருவிழாவில் ஒலிபெருக்கியில் ஓர் இளைஞர் பக்தர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார், இந்தக் கோயிலில் மட்டும் பூக்குழி ஏன் உயரத்தில் இருக்கிறது தெரியுமா என்று. மனம் மண்ணை விட்டு மேலே எழ வேண்டும் என்பதைக் காட்டத்தான் நம் முன்னோர்கள் இப்படி அமைத்தார்களாம். முன்னோர்களில் ஒருவன் கடலை கொறித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பூசாரி என்னைப் பார்த்தார், நான் பூசாரியைப் பார்த்தேன். அவருக்கும் கொஞ்சம் கடலை கொடுத்தேன்.

நான் ஓய்வு பெற்றுவிட்டதால் கோமளாவின் வேண்டுதல் முடிந்திருந்தது. இந்த வருஷம் என்னோடு நின்று வேடிக்கை பார்ப்பாள் என்று இடமெல்லாம் பிடித்து வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் மஞ்சள் புடவையில், கையில் வேப்பிலையோடு வந்து நிற்கிறாள்.

"வேண்டுதல்தான் முடிஞ்சிருச்சே, அப்புறம் எதுக்கு?" என்றேன்.

குதிகாலால் மேட்டின் ஓரத்தில் ஒரு திருகு திருகிப் பார்த்தாள். தடம் விழவில்லை.

"குழி நல்லா இருக்கு. வீணாக்குவாங்களா?" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றாள்.